காற்றலையில் முன்னுரிமை

ஒரே காற்றைப் பலர் பங்கிட்டுப் பேச வேண்டுமெனின், யார் முதலிற் பேசுவது? இன்று வீடுதோறும் உள்ள வைஃபைப் பெட்டி ஓயாது தீர்த்துவைக்கும் இவ்வழக்கு, 1971ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளிலே தொடங்கியது. ஹவாய்ப் பல்கலைக் கழகப் பேராசிரியர் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் அமைத்த அலோகா வலையில், எந்த நிலையமும் நினைத்த நேரத்தில் செய்தி அனுப்பலாம். இரண்டு மோதிவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பவேண்டும். எளிய முறைதான். ஆயினும் மோதல்களால், அலைவரிசையின் கொள்ளளவில் நூற்றுக்கு 18 பங்கே பயன்படும் என்பது கணக்கு.

1997இல் வெளிவந்த வைஃபையின் முதல் தரநூல், பேசுமுன் கேள் என்ற விதியை வைத்தது. காற்று ஓய்ந்ததும் ஒவ்வொரு கருவியும் தானே குலுக்கியெடுத்த சீட்டின் எண்ணளவு காத்திருந்து பேசும். மையப் பெட்டியே ஒவ்வொருவராய் அழைக்கும் முறையும் அந்நூலில் இருந்தது. அதைச் செய்து விற்றவர் மிகச் சிலராதலின் ஏட்டுச் சுரைக்காயாயிற்று.

எல்லார்க்கும் ஒரே விதி என்பது கேட்க இனிது. ஆனால் குரல் தாமதம் பொறாது, கோப்போ பொறுக்கும். ஆகவே 2005இல் 802.11இ என்னும் திருத்தம் வந்தது. அதன் வரைவிலிருந்து எடுத்த பகுதியை, வைஃபை கூட்டமைப்பு 2004லேயே டபிள்யூஎம்எம் என்ற பெயரில் வழக்கிற்குக் கொணர்ந்துவிட்டது. குரல், படக்காட்சி, பொது, பின்னணி என வகுப்பு நான்கு. குரலுக்குத் தொடக்கச் சீட்டு 0 முதல் 3 வரை; பொதுவுக்கு 0 முதல் 15 வரை. இங்கே ஒரு நுட்பம் காண்க: எவர்க்கும் முதலிடம் உறுதியில்லை, வெல்லும் வாய்ப்பே கூட்டப்பட்டது.

வகுப்பை அறியப் பொட்டலத்தின் மேல் முத்திரை வேண்டுமன்றோ? அங்கேதான் இடர். வழியிலுள்ள நிறுவனங்கள் பல அம்முத்திரையை அழித்துவிடுவதால், படமும் விளையாட்டும் பெரும்பாலும் பொது வகுப்பிலேயே வீடு வந்து சேரும். முத்திரை பிழைத்தாலும் குழப்பமே. முதல் மூன்று இருமக் குறிகளை மட்டும் பெட்டிகள் படித்தமையால், 46 என்னும் எண்ணிட்ட குரற் பொட்டலம் படக்காட்சி வகுப்பிற் போய் அமர்ந்தது! இணையப் பொறியாளர் பணிக்குழு இதற்கு வழிகாட்டியது 2018இல்தான்.

மெய்யான நோய் வேறிடத்தில் இருந்தது. நினைவகம் மலிந்ததால் பெட்டிகளில் வரிசை அளவின்றி நீண்டதை ஜிம் கெட்டிஸ் 2010இல் எடுத்துக்காட்டினார். படம் பார்ப்பவரின் கருவி சில நொடிக் காட்சியை முன்கூட்டியே சேமித்துவைக்கும். அதற்குத் தாமதம் பெரிதன்று. விளையாடுபவனின் சிறு பொட்டலமோ, பெருங்கோப்பின் பின்னே நின்று வாடும். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும், பொட்டலம் வரிசையில் நின்ற நேரத்தையே அளந்தனர். தாமதம் 5 மில்லிநொடிக்குக் குறையாமல் 100 மில்லிநொடி நீடித்தால், ஒன்றை எறிந்து அனுப்புநரை மெதுவாக்கும் முறை அது. ஒவ்வோர் ஓட்டத்திற்கும் தனி வரிசை என்ற ஏற்பாடும் இதனோடு இணைந்தபின், மெல்லிய ஓட்டம் முத்திரையின்றியே முந்திச் சென்றது.

எஞ்சியது ஒன்று. வேகங்குன்றிய ஒரு கருவி காற்றின் பெரும்பகுதியை விழுங்க, விரைந்து பேசும் கருவிகள் அதற்காகக் காத்துக் கிடந்தன. 2017இல் டோக்கே ஹோய்லாண்ட்-யோர்கென்சனும் உடனாய்வாளரும் லினக்ஸில் இதனைத் திருத்தினர். அவர்கள் சமமாகப் பங்கிட்டது பொட்டலங்களை அன்று, காற்றிற் பேசும் நேரத்தை.