முத்திரையில் பேசுவது யார்? கைப்பேசிக் குறிகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சென்ற மாதம், ஹைதராபாத்தில் நான் தங்கியிருக்கும் ஆய்வு மாணவர் விடுதியில், என் அறைச் சார்ஜர் ஒன்று எரிந்து போயிற்று. பெரிய விபத்து அன்று. சுவரில் கரி படிந்தது, அறை முழுதும் பிளாஸ்டிக் கருகிய நாற்றம், அவ்வளவுதான். ஆனால் அதில் இணைத்திருந்த கைப்பேசியில், ஆதிலாபாத் பகுதியில் கோண்டி மொழி பேசும் முதியவர்களிடம் நான் எடுத்த பதிவுகளுள் இன்னும் படியெடுக்காத சில இருந்தன. கைப்பேசி மீண்டும் உயிர்பெறும் வரை என் உயிர் என்னிடம் இல்லை. நல்லவேளையாகப் பதிவுகள் தப்பின.

பிறகு அந்தச் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். அதன் முதுகில் சிஇ எழுத்துகள், குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டி, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, ‘ஆர்’ என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவெண் என ஓர் அணிவகுப்பே இருந்தது. அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அப்பதிவெண்ணை இட்டுத் தேடினேன். அப்படியொரு பதிவே இல்லை.

பக்கத்து அறையில் இருக்கும் பொருளியல் ஆய்வாளரான நண்பர் சிரித்தார். “முத்திரை என்பது வெறும் மை. அரசு ஒழுங்குமுறை என்று நீங்கள் நம்புவதெல்லாம் இந்த மைக்குக் கொடுக்கும் விலைதான்” என்றார். அன்றிரவு அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்பதிவு அந்தப் பதிலைத் தேடும் முயற்சி.

மொழியியல் மாணவர்களுக்கு ஜே.எல். ஆஸ்டின் பழக்கமான பெயர். 1955-இல் ஹார்வர்டில் அவர் ஆற்றி, 1962-இல் நூலான உரைகளின் மையக் கருத்து எளியது: சில கூற்றுகள் உலகை விவரிப்பதில்லை, உலகில் ஒரு செயலை நிகழ்த்துகின்றன. ‘உறுதியளிக்கிறேன்’ என்பது ஓர் உறுதிமொழியின் வருணனை அன்று, அதுவே உறுதிமொழி. அத்தகைய கூற்று செல்லுபடியாக வேண்டுமெனில், சொல்பவருக்கு அதைச் சொல்லும் தகுதி இருக்க வேண்டும். கைப்பேசியின் முத்திரையும் இவ்வகைக் கூற்றே. ஆகவே அதனிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். சொல்பவர் யார்? யாருக்குச் சொல்கிறார்? சொன்னது பொய்த்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? முத்திரைகளின் வரலாறு, இக்கேள்விகளுக்கான விடைகள் மாறிவந்த வரலாறுதான்.

நண்பருக்குச் சாதகமான சான்றிலிருந்தே தொடங்குவோம். மின்சாதனப் பாதுகாப்பு முத்திரைகளின் முன்னோடி அரசு அன்று. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி மின்விளக்குகளால் ஒளிர்ந்தது. புதிய மின்கம்பிகளால் தீ அபாயமும் கூடவே வந்தது. தீக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக அந்த அபாயத்தை ஆராய வந்த வில்லியம் ஹென்றி மெரில் என்னும் இளம் மின்பொறியாளர், 1894-இல் ஒரு சோதனைக்கூடத்தை நிறுவினார். இன்று யூஎல் என்று அறியப்படும் அமைப்பு அதுவே. இங்கே பேசுபவர் தனியார் சோதனையாளர், கேட்பவர் காப்பீட்டாளர். வீடு எரிந்தால் பணம் கொடுக்க வேண்டியவரே சோதனைக்குப் பின்னால் நின்றதால், முத்திரை உண்மையாக இருப்பதில் அவருக்கு நேரடி அக்கறை இருந்தது. சட்டம் இல்லாமலேயே ஒரு முத்திரை நம்பகம் பெற முடியும் என்பதை மறுக்க இயலாது.

ஆனால் கைப்பேசி வெறும் மின்சாதனம் அன்று. அது ஒரு வானொலி நிலையம். தீயைப் பொறுத்தவரை முதலில் எரிவது வாங்கியவரின் வீடு. வானலையைப் பொறுத்தவரை, என் கருவி கெட்டால் பாதிக்கப்படுபவர் என் அண்டை வீட்டார், சில வேளை கடலில் இருக்கும் கப்பல். அமெரிக்க வரலாறு இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது, ஆர்வலர்களின் கட்டுப்பாடற்ற ஒலிபரப்புகள் கப்பல் செய்திகளில் குறுக்கிட்டன என்ற புகார் எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே வானொலிச் சட்டம் வந்து, ஒலிபரப்ப உரிமம் தேவை என்றாயிற்று. எனினும் அச்சட்டம் வணிகத்துறைச் செயலருக்கு உரிமத்தை மறுக்கும் அதிகாரத்தையோ, அலைநீளத்தை வற்புறுத்தும் அதிகாரத்தையோ தெளிவாக வழங்கவில்லை. சிகாகோவின் ஜெனித் நிறுவனம் தனக்கு ஒதுக்கப்படாத அலைநீளத்துக்குத் தாவியது. 1926-இல் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அதன்பின் புதிய நிலையங்கள் புற்றீசலாகக் கிளம்பின. இருந்தவையும் விரும்பிய அலைநீளத்துக்கு மாறின. பெருநகரங்களில் வானொலிப் பெட்டியைத் திறந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும் கூச்சல். 1927 பிப்ரவரியில் புதிய சட்டமும், 1934-இல் இன்றைய கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமும் (எஃப்சிசி) பிறந்தமைக்குப் பின்னணி இதுதான்.

இதற்கும் மாற்றுக் கருத்து உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் கோஸ், 1959-இல் எழுதிய கட்டுரையில், அலைவரிசைக்குச் சொத்துரிமை வரையறுத்து விற்பனைக்கு விட்டிருந்தால் சந்தையே சிக்கலைத் தீர்த்திருக்கும் என வாதிட்டார். 1994-இல் அதே ஆணையம் அலைக்கற்றையை ஏலம் விடத் தொடங்கியது அவருடைய கருத்துக்குக் கிடைத்த வெற்றி. ஆயினும் ஏலம் எடுத்தவரின் எல்லைக்குள் லட்சக்கணக்கான மலிவுக் கருவிகள் இரைச்சலைக் கொட்டினால் யார் மீது வழக்குத் தொடுப்பது? சொத்துரிமையும்கூட, கருவி தன் எல்லைக்குள் நிற்கும் என்ற முன்னுறுதியை எதிர்பார்க்கிறது. அந்த முன்னுறுதிதான் எஃப்சிசி குறி. அது வாங்கியவரிடம் பேசுவதில்லை. வாங்கியவரின் சார்பில் அண்டை வீட்டாரிடம் பேசுகிறது. தன்னிடம் பேசாத குறியை வாங்குபவர் பொருட்படுத்தாததில் வியப்பில்லை. அதனாலேயே அது பயனற்றது என்று முடிவுகட்டுவது பிழை.

இங்கே நாம் எளிதில் மறந்துவிடும் ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். இந்தியாவில் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, வானொலிப் பெட்டி வைத்திருக்கவே ஒரு காலத்தில் உரிமம் வேண்டியிருந்தது. நம் தாத்தா பாட்டி தலைமுறையினர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி அந்த உரிமப் புத்தகத்தைப் புதுப்பித்துவந்தனர். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கருவியில் செல்பேசி, வைஃபை, புளூடூத் எனப் பல அலைபரப்பிகள் இருந்தும், நாம் எந்த அஞ்சலக வரிசையிலும் நிற்பதில்லை. அமெரிக்கா 1985-இல் சில அலைவரிசைகளை உரிமமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. இந்தியா 2005-இல் வைஃபைக்குரிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிம விலக்கு அளித்தது. இந்த விடுதலை சாத்தியமானதற்கு ஒரு காரணம், கட்டுப்பாட்டின் சுமை பயனரிடமிருந்து கருவிக்கு மாறியது. மனிதருக்கு உரிமம் தந்த இடத்தில் கருவிக்குச் சான்று தருகிறோம். அவ்வகையில் முத்திரை உரிம ஆட்சியின் எச்சம் அன்று, அதற்கு மாற்றாக வந்தது.

ஐரோப்பாவில் சொல்பவரே மாறினார். 1985-இல் வகுத்த ‘புதிய அணுகுமுறை’ப்படி, சட்டம் அடிப்படைத் தேவைகளை மட்டும் கூறும், நுணுக்கங்களைத் தரநிலைகள் கூறும், இணங்கியதாக உற்பத்தியாளரே அறிவிப்பார். அந்த அறிவிப்பின் குறி 1993-ஆம் ஆண்டு நெறிமுறையில் ‘சிஇ’ எனப் பெயர் நிலைபெற்றது. பலர் நினைப்பதுபோல் அது தரச்சான்று அன்று. பெரும்பாலான பொருள்களில் எந்த அதிகாரியும் அதைப் பார்த்து ஒப்பமிடுவதில்லை. ‘நான் இணங்கியிருக்கிறேன்’ என்னும் தன்மை ஒருமைக் கூற்று அது. இக்குறியைச் சுற்றி நம் துறைக்குப் பிடித்த ஒரு நிகழ்வும் உண்டு: எழுத்துகள் நெருங்கி நின்றால் அது ‘சைனா எக்ஸ்போர்ட்’ என்று பொருள்படும் எனும் நம்பிக்கை. 2007-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்திலேயே இது கேள்வியாக எழுந்தது. அப்படியொரு குறி இருப்பதாகத் தனக்குத் தெரியாது, அவை அளவு பிசகிய சிஇ குறிகளே என ஆணையம் விளக்கியது. நாட்டார் சொற்பிறப்பியலுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சொல்பவர் யாரெனத் தெரியாத கூற்றுக்கு மக்கள் தாமே ஒரு சொல்பவரைக் கற்பித்துக்கொள்கின்றனர்.

இதற்கு நேர்மாறான சான்று நம் மொழியிலேயே உள்ளது. 1937-ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் தரம்பிரிப்புச் சட்டத்தின் வழி வந்த ‘அக்மார்க்’, தமிழில் ஒரு பெயரடையாகவே மாறிவிட்டது. ‘அக்மார்க் தஞ்சாவூர்க்காரர்’ என்றால் கலப்படமற்ற தஞ்சாவூர்க்காரர். நெய்யையும் தேனையும் விட்டு இச்சொல் மனிதர்களின் மேல் ஏறி உட்கார்ந்தது, அம்முத்திரை எந்த அளவுக்கு நம்பப்பட்டது என்பதற்கு மொழி தரும் சாட்சி. 1947-இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனத்தின் ‘ஐஎஸ்ஐ’யும் இப்படியே வீட்டுச் சொல்லானது. ‘சிஇ நண்பர்’ என்றோ ‘ஆர்-எண் நண்பர்’ என்றோ எவரும் சொல்வதில்லை.

அந்த ‘ஆர்-எண்’ வந்த வழி இது. 2012-இல் பிறப்பித்த கட்டாயப் பதிவு ஆணை 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2014 நவம்பரில் வெளியான இரண்டாம் பட்டியலில் கைப்பேசி, அடாப்டர், பவர் பேங்க் ஆகியவை சேர்ந்தன. உற்பத்தியாளர் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் பொருளைச் சோதித்து, அறிக்கையை அமைவனத்திடம் அளித்துப் பதிவெண் பெறுகிறார். தொடக்கத்தில் இக்குறி ஒரு படமாகக்கூட இருக்கவில்லை. இன்ன தரநிலைக்கு இணங்குவதாகச் சுய அறிவிப்பு, இன்ன எண் என்று ஒரு வாக்கியமாக இருந்தது; முத்திரைப் படம் பின்னர் வந்தது. அறிவிப்பவர் உற்பத்தியாளர், எண்ணைத் தருபவர் அரசு. சிஇயின் எளிமையும் ஐஎஸ்ஐயின் பொறுப்பும் கலந்த ஏற்பாடு.

இதே வழியில்தான் நம் மொழிகளும் முத்திரைக்குள் நுழைந்தன. ஐஎஸ் 16333 என்னும் தரநிலையின் மூன்றாம் பகுதி, இந்தியாவில் விற்கும் கைப்பேசிகளின் மொழி வசதியைப் பற்றியது. 2016-இல் அரசு இதைக் கட்டாயமாக்கும் ஆணையை வெளியிட்டது. ஆங்கிலம், இந்தி, மேலும் குறைந்தது ஓர் இந்திய மொழி ஆகியவற்றில் உள்ளிடும் வசதி வேண்டும். எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் செய்தியைப் படிக்க முடிய வேண்டும். தமிழுக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாமல் இருக்கலாம்; நம் சந்தை பெரிது. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி 73 லட்சம் பேர் பேசும் சந்தாலிக்கு, ஒல் சிக்கி எழுத்துரு மலிவுக் கைப்பேசியிலும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைச் சந்தை தானாக எப்போது விதித்திருக்கும்?

ஆணையின் குறைகளும் அதே வரியில் தெரிகின்றன. இந்தி எங்கும் கட்டாயம், தமிழோ வங்காளமோ ‘மேலும் ஒன்று’. கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 30 லட்சம் பேர். அம்மொழி அட்டவணையில் இல்லாததால் தரநிலையிலும் இல்லை. மசராம் கோண்டி எழுத்து 2017-இலும், குஞ்சாலா கோண்டி எழுத்து 2018-இலும் யூனிகோடில் இடம்பெற்றுவிட்டன. ஆயினும் நான் பதிவு செய்யும் முதியவர்களின் கைப்பேசிகள் அவற்றைக் காட்ட வேண்டும் என்று எந்த முத்திரையும் கேட்பதில்லை. ஒழுங்குமுறை பயனற்றது என்பதற்கு நான் இதைச் சான்றாகக் கொள்ள மாட்டேன். விதி எட்டிய இடத்துக்கும் எட்டாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு, விதிக்கு ஆற்றல் உண்டு என்பதையே காட்டுகிறது.

நண்பரின் வலிமையான வாதம் இன்னும் மீதமிருக்கிறது. 2016-இல் தீப்பற்றிய சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைப்பேசிகள், விற்பனைக்குரிய முத்திரைகளோடுதான் சந்தைக்கு வந்தன. உண்மை, முத்திரை தீயைத் தடுக்கவில்லை. ஆனால் அதன்பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் செப்டம்பரில் சுமார் 10 லட்சம் கருவிகளைத் திரும்பப் பெறுவதை அறிவித்தது. மாற்றாகக் கொடுத்தவையும் எரிந்தபோது, அக்டோபரில் அந்த அறிவிப்பு சுமார் 19 லட்சமாக விரிந்தது. பொய்த்த கூற்றுக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தார், அவரைப் பதில் சொல்ல வைக்கவும் ஒருவர் இருந்தார். என் சார்ஜர் கதையில் இருவருமே இல்லை. அதன் முதுகில் இருந்தது ஒழுங்குமுறையின் தோல்வி மட்டும் அன்று; ஒழுங்குமுறையின் குரலைத் திருடிய ஒரு போலிக் கூற்று. நம்பிக்கைக்கு மதிப்பில்லாத இடத்தில் போலிக்கும் வேலையில்லை. கள்ள நோட்டு புழங்குவதால் நாணயம் வீண் என்று பொருளியலார் சொல்வதில்லையே.

ஆகவே என் பதில் இதுதான். தேடினால் ஒரு கோப்புக்கும், கோப்பிலிருந்து ஒரு பொறுப்பாளருக்கும் இட்டுச்செல்லும் முத்திரை பயனுடையது. அப்படி எங்கும் இட்டுச்செல்லாதது நண்பர் சொன்னதுபோல் மைதான். 2014-இல் அமெரிக்கா மின்-முத்திரைச் சட்டம் இயற்றிய பின், குறிகள் கைப்பேசியின் முதுகிலிருந்து அமைப்புப் பட்டியலின் அடியாழத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அழகுக்கு அது நல்லது. ஆனால் மக்கள் பார்க்காத குறியை மக்கள் கேள்வி கேட்பதும் இல்லை.

பதிவெண் போலி என்று அதே செயலியில் புகார் அளித்திருக்கிறேன். இதைப் படிக்கும் மாணவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். உங்கள் சார்ஜரின் ஆர்-எண்ணை அச்செயலியில் ஒருமுறை சரிபாருங்கள். பிறகு உங்கள் கைப்பேசியில் எந்தெந்த இந்திய மொழிகளில் உள்ளிட முடிகிறது, எவை வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன என்று எனக்கு எழுதுங்கள். சந்தாலி, மணிப்புரி, கோண்டி, துளு பேசும் நண்பர்களின் குறிப்புகளை மிகவும் வேண்டுகிறேன்.