ஒரு மரணம், இரண்டு கதை: திரைத்தழுவல்களும் ரசிகர் விக்கிகளின் கேனன், ஸ்பாய்லர் கொள்கைகளும்

ரசிகர் விக்கிகளின் கொள்கைப் பக்கங்களில் இரண்டு தலைப்புகள் அநேகமாக இருக்கும். ஒன்று கேனன்: கதையுலகில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை எந்தப் படைப்பை வைத்து முடிவுசெய்வது. மற்றது ஸ்பாய்லர்: கதையை இன்னும் முடிக்காதவரிடம் எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம். முன்னது ஆதாரத்தைப் பற்றியது, பின்னது நாகரிகத்தைப் பற்றியது என்று இரண்டையும் பிரித்து எழுதிவைக்கிறார்கள். நாவலிலிருந்து திரைக்குப் போன கதைகளில் இந்தப் பிரிவினை செல்லாது என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு செய்தி ஸ்பாய்லரா என்பது, அது எந்தக் கதைக்கு உரியது என்று தெரிந்த பிறகே தெரியும். அதைத் தெரிவிக்க வேண்டிய படைப்பே சில வேளைகளில் எழுதி முடிந்திருக்காது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் வரிசையும் எச்பிஓவின் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரும் இதற்குச் சிறந்த சான்று. 2000-இல் வந்த மூன்றாம் நாவலில் கேட்லின் ஸ்டார்க் ஒரு திருமண விருந்தில் கொல்லப்படுகிறார். அதே நாவலின் முடிவுரையில் உயிர்மீண்டு, லேடி ஸ்டோன்ஹார்ட் என்ற பெயரோடு பழிதீர்க்கத் திரிகிறார். தொடரில் அந்தக் கொலை 2013 ஜூனில் ஒளிபரப்பானது. அவர் திரும்பி வருவார் என்று நாவல் வாசகர்கள் காத்திருந்தார்கள். அந்த நாட்களில் ‘கேட்லின் உயிர்மீள்கிறார்’ என்ற வாக்கியம் தொடரை மட்டும் பார்ப்பவருக்குப் பெரிய ஸ்பாய்லர். ஆனால் தொடரில் கேட்லின் திரும்பி வரவே இல்லை. வரமாட்டார் என்று உறுதியானதும், ஓர் எழுத்துகூட மாறாத அதே வாக்கியம், நாவலுக்கும் தொடருக்கும் இடையிலான வேறுபாட்டைச் சொல்லும் சாதாரணக் குறிப்பாகிவிட்டது.

பிறகு திசை திரும்பியது. ஐந்தாம் நாவல் 2011-இல் வந்தது. ஆறாவதான ‘தி விண்ட்ஸ் ஆஃப் வின்டர்’ இன்னும் வரவில்லை. தொடர் முந்திக்கொண்டது. 2015 ஜூனில் ஷிரீன் என்ற சிறுமியை அவள் தந்தையே தீக்குக் கொடுக்கிறார். நாவலில் அவள் இன்னும் உயிரோடிருக்கிறாள். அந்த யோசனை மார்ட்டினிடமிருந்து வந்தது என்று தொடரின் படைப்பாளிகளே சொன்னார்கள். அப்படியானால் நாவல் வாசகருக்கு இது ஸ்பாய்லரா, தொடரின் தனிவழியா? ஆசிரியர் மனத்தில் ஷிரீன் இறக்கிறாள் என்றே வைத்துக்கொண்டாலும், யார் கையால், எந்தச் சூழலில் என்பது வேறாகலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய நூல் கையில் இல்லாதபோது எந்தக் கொள்கைப் பக்கமும் பதில் சொல்லாது.

இந்த உலகத்துக்குப் பெரிய விக்கிகள் இரண்டு. வெஸ்டரோஸ் தளத்தாரின் ‘எ விக்கி ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவலையே அடிப்படையாகக் கொண்டது. ஃபேண்டம் தளத்திலுள்ள மற்றது தொடருக்கானது. நாவலில் எப்படி என்பதைப் பக்கத்தின் கடைசியில் தனிப்பகுதியாக வைத்து, தொடர் இன்னும் எட்டாத செய்திகளைச் சொடுக்கினால் மட்டும் விரியும் பெட்டிக்குள் மறைத்தது. முதல் விக்கியின் ஒரு வார்ப்புருவை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். வரவிருக்கும் நாவலிலிருந்து மார்ட்டின் முன்னோட்டமாக வெளியிட்ட அத்தியாயங்களின் செய்திகளுக்கு மேல் ஓர் எச்சரிக்கைப் பட்டை நிற்கிறது. இது வெளிவராத நூலின் செய்தி என்கிறது அது. இறுதி வடிவத்தில் மாறக்கூடும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. முதல் பாதி ஸ்பாய்லர், மறுபாதி கேனன். கொள்கைப் பக்கங்கள் பிரித்துவைத்த இரண்டையும் ஒரு சிறு பட்டை சேர்த்துவிட்டது. வேலையின் தேவையிலிருந்து பிறந்த இந்தப் பட்டை, கொள்கைகளைவிடத் தெளிவாகச் சிந்திக்கிறது என்பேன்.

ஆனால் பட்டைகள் காப்பது உரைநடையை மட்டும். விக்கி கசிவது அதன் கட்டமைப்பின் வழியாக. கதையுலகை நடந்து முடிந்த வரலாறாகப் பாவித்து இறந்தகாலத்தில் எழுதுவது ஸ்டார் ட்ரெக்கின் மெமரி ஆல்ஃபாவிலும் ஸ்டார் வார்ஸின் வூக்கிபீடியாவிலும் வழக்கம். தகவல் பெட்டியில் ‘இறப்பு’ என்று ஒரு வரி இருந்தாலே கதை போயிற்று. பக்கத்தின் அடியிலுள்ள பகுப்பு அதையே இன்னொரு முறை சொல்லும். வூக்கிபீடியாவில் டார்த் வேடரைத் தேடினால் வழிமாற்று நேராக அனகின் ஸ்கைவாக்கர் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. 1980-ஆம் ஆண்டுத் திரைப்படம் கடைசிவரை பொத்திவைத்த உறவை அது முதல் நொடியிலேயே காட்டிக்கொடுக்கிறது. அந்த இரகசியம் இன்று உலகறிந்தது என்று சமாதானம் சொல்லலாம். முதன்முறையாகப் பார்க்க உட்காரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சமாதானம் உதவாது.

ஸ்பாய்லர் ஒரு பொருட்டே அல்ல என்போரும் உண்டு. ஜோனதன் லெவிட், நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்கூட்டியே அறிந்து படித்தவர்கள் கதையைக் கூடுதலாக ரசித்ததாகக் கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை சிறுகதைகள். பத்தாண்டுகள் காத்திருந்து தொடரும் கதைக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. ஆங்கில விக்கிப்பீடியா 2007-இல் ஸ்பாய்லர் எச்சரிக்கைகளைக் கைவிட்டது. ‘தி மவுஸ்ட்ராப்’ நாடகத்தின் கொலையாளியை வெளியிட்டதை அகதா கிறிஸ்டியின் குடும்பத்தார் 2010-இல் ஆட்சேபித்தபோதும் அது இறங்கிவரவில்லை. பொதுக் கலைக்களஞ்சியத்துக்கு அந்த நிலை நியாயம். ரசிகர் விக்கிக்கு வருபவரோ பெரும்பாலும் கதையின் நடுவில் நிற்பவர். ஒரு பாத்திரத்தின் பெயர் மறந்துபோய்த் தேடி வந்தவர்.

கேனனுக்குத் திரும்புவோம். 2014 ஏப்ரல் 25 அன்று, அதுவரை வந்த ஸ்டார் வார்ஸ் நாவல்களையும் சித்திரக்கதைகளையும் ‘லெஜண்ட்ஸ்’ என்று பெயரிட்டு லூகாஸ்ஃபிலிம் ஒதுக்கிவைத்தது. 1999-இல் வந்த ‘வெக்டர் பிரைம்’ நாவலில் சூபாக்கா இறந்திருந்தார். 2015 திரைப்படத்தில் உயிரோடு வந்தார். வூக்கிபீடியா எதையும் அழிக்கவில்லை. ஒரே பாத்திரத்துக்கு இரண்டு பக்கங்கள் வைத்து, மேலே தாவல்களைப் பொருத்தியது. நிறுவனம் வணிகக் காரணத்துக்காகத் துறந்த கதைகளை வாசகர்கள் துறக்கவில்லை. இது பாராட்டத்தக்க காரியம். ஆனாலும் எந்தத் தாவல் முன்னால் நிற்பது என்பதில் அவர்கள் ஏற்றது நிறுவனத்தின் சொல்லைத்தான்.

ஹாரி பாட்டர் விக்கியின் வழி வேறு. ஆசிரியர் ரோலிங்கின் எழுத்துக்கு முதலிடம். முரண்படாதவரை திரைப்படத்துக்கும் இடம் உண்டு. கடைசி நாவலில் ஹாரி எல்டர் மந்திரக்கோலால் தன் பழைய கோலைச் சரிசெய்துவிட்டு, எல்டர் கோலை இருந்த இடத்திலேயே திருப்பி வைக்க முடிவெடுக்கிறான். 2011 திரைப்படத்தில் அந்த எல்டர் கோலை ஒடித்து எறிகிறான். இங்கே முரண் வெளிப்படை, நாவல் வெல்கிறது. சிக்கல் முரணில்லாத இடத்தில்தான். நைஜல் என்ற சிறுவன் படங்களில் மட்டும் உண்டு. விக்கியில் மற்ற மாணவர்களைப் போலவே அவனுக்கும் வாழ்க்கை வரலாறு இருக்கிறது. இரண்டு ஊடகங்களைக் கலந்து மூன்றாவதாக ஒரு கதை உருவாகிவிடுகிறது. அதை எவரும் எழுதவுமில்லை, படமாக்கவுமில்லை.

நான் சார்ந்து நிற்பது டோல்கீன் கேட்வே என்ற விக்கியின் முறை. டோல்கீனின் நாவலில் காயம்பட்ட ஃப்ரோடோவைத் தேடி வந்து தன் குதிரையில் ஏற்றுபவர் குளோர்ஃபின்டெல். 1978 அசைவூட்டப் படத்தில் அந்த இடத்துக்கு லெகோலாஸ் வருகிறார், 2001 படத்தில் ஆர்வென். தழுவல்களில் வரும் சித்திரிப்புக்குத் தனிப்பகுதி வைத்து, எது எதில் என்பதை அந்த விக்கி பெயர் சொல்லிக் குறிக்கிறது. சுவடிப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் பாடபேதம் காட்டுவது போன்ற காரியம் இது. ஒரு வேறுபாடும் உண்டு: ஏடெழுதியவரின் பிழையாலும் பாடபேதம் நேரும், தழுவலின் மாற்றம் இயக்குநர் எண்ணித் துணிந்தது. தழுவலைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளுவதே அதைத் தாழ்த்துவதாகாதா என்று லிண்டா ஹட்சியனின் தழுவல் கோட்பாட்டைப் படித்தவர் கேட்பார். கேள்வி சரியானது. பகுதி எங்கே இருந்தாலும் சரி, ஒவ்வொரு வாக்கியமும் தன் மூலத்தைச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அப்படிச் சொன்னால் மறைப்பதும் எளிதாகும்: எதுவரை படித்தேன், எதுவரை பார்த்தேன் என்று வாசகர் தெரிவித்தால், அதற்கு அப்பாலுள்ள வரிகளை இயந்திரமே மூடிவிடலாம்.

ஊதியமில்லாத தன்னார்வலர்கள் இவ்வளவு நுணுக்கமாக உழைப்பார்களா என்ற ஐயம் எழும். 2018-இல் வந்த மார்ட்டினின் ‘ஃபயர் அண்ட் பிளட்’ அதற்கு விடை வைத்திருக்கிறது. அந்த நூல் கதையுலகத்துக்குள்ளேயே ஒருவர் எழுதிய வரலாறு. அரசவைக் கோமாளி மஷ்ரூம் ஒன்று சொல்வான், செப்டன் யூஸ்டஸ் வேறு சொல்வார், மன்கன் இருவரோடும் உடன்படமாட்டார். 2022-இல் தொடங்கிய ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ இவற்றில் ஒன்றைத் தேர்ந்தோ மூன்றையும் விட்டோ காட்சியாக்குகிறது. நூலின் பக்கம் நிற்கும் விக்கிக் கட்டுரைகள் இந்த முரண்களை எழுதும்போது ‘மஷ்ரூம் கூற்றுப்படி’, ‘யூஸ்டஸ் கூற்றுப்படி’ என்று சாட்சியைப் பெயரிட்டே போகின்றன. அதே ஒழுங்கில் ‘தொடரின்படி’ என்று இன்னொரு சாட்சியையும் சேர்க்க அந்தத் தன்னார்வலர்களுக்குப் புதிய பயிற்சி எதுவும் தேவைப்படாது.