எலும்பை அரிக்கும் நோயும் சென்னை கண்ட விடையும்



நம் முன்னோர் காசநோயை ‘எலும்புருக்கி’ என்று அழைத்தனர். நோயாளி நாளுக்கு நாள் மெலிந்து எலும்பும் தோலுமாக ஆவதைக் கண்டு இட்ட பெயர் அது. அந்நோய் பெரும்பாலும் நுரையீரலையே தாக்குகிறது. எனினும் சிலரிடத்தில் மெய்யாகவே எலும்பினுள் புகுந்து அதை அரித்துவிடுகிறது என்பதை நம்மில் பலர் அறியோம். எலும்புகளுள் அது மிகுதியாகப் பற்றும் இடம் முதுகுத்தண்டு. அதன் சிகிச்சை வரலாற்றில் நம் தமிழகத்திற்குச் சிறப்பான பங்குண்டு. இதை எழுத நேர்ந்த காரணத்தை இறுதியில் கூறுகிறேன்.

எலும்பில் சீழ் பிடிப்பதும், புரையோடுவதும் மனித குலம் நெடுங்காலமாக அறிந்த துன்பங்கள். குர்துபா நகரை அடுத்து வாழ்ந்து 1013 வாக்கில் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாவது பகுதியை அறுவை மருத்துவத்திற்கென்றே ஒதுக்கினார். புரையோடிய எலும்பை அகற்றும் முறையையும், அதற்கான வாள்களையும் சுரண்டிகளையும் படம் வரைந்து விளக்கினார். 1779-இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், முதுகு கூனிக் கால்கள் செயலிழக்கும் நோயை விரிவாக எழுதினார். இன்றும் அது ‘பாட் நோய்’ எனப்படுகிறது. அதன் காரணம் காசநோய்க் கிருமியே என்பது, 1882-இல் ராபர்ட் காக் அக்கிருமியைக் கண்டறிந்த பின்னரே உறுதியாயிற்று. 1895-இல் எக்ஸ்ரே வந்தது. அரிக்கப்பட்ட எலும்பைக் கண்ணால் காண முடிந்தது. ஆனால் குணப்படுத்த மருந்தில்லை.

ஆகவே ஓய்வும், நல்லுணவும், தூய காற்றுமே சிகிச்சையாக இருந்தன. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் அமைத்தார். நமக்கு அண்மையிலுள்ள பெருந்துறையிலும் ஒரு சானடோரியம் இருந்ததை மூத்தவர்கள் அறிவர். முதுகெலும்பு நோயாளிகளோ மாவுக்கட்டுப் படுக்கையில் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், அசையாது கிடந்தனர். உழைத்துண்ணும் குடும்பத்தில் ஒருவர் அவ்வாறு கிடந்தால் அடுப்பெரிவது எங்ஙனம்?

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோநியாசிடும் வந்தன. மருந்து கிடைத்துவிட்டது, மருத்துவமனையில் அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போவது? இவ்வினாவிற்கு விடை காண 1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நுரையீரல் காசநோய் கண்ட 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்தளித்தனர். நெருக்கடியான குடிசையில், போதிய உணவின்றி இருந்தோரும், மருந்தை ஒழுங்காக உட்கொண்டதால் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் ஆபத்து கூடவுமில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது.

முதுகெலும்பின் நிலை என்ன? ஹாங்காங்கில் ஹாட்சன் என்னும் அறுவை மருத்துவர், கெட்ட எலும்பை முழுவதும் நீக்கி வேறு எலும்பை ஒட்டவைக்கும் முறையை 1956-இல் வெளியிட்டார். அத்தகைய பெரிய அறுவைக்கு வசதி எல்லா ஊரிலும் இல்லை. கொரியாவில் நடந்த ஆய்வுகளோ, மருந்து உட்கொள்வோருக்குப் படுக்கை ஓய்வும் மாவுக்கட்டும் கூடுதல் பலன் தரவில்லை என்று காட்டின. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.எம். துலி, மருந்தே முதன்மை, தேவைப்படுவோருக்கு மட்டும் அறுவை என்னும் ‘நடு வழி’யை 1975-இல் முன்வைத்தார்.

சென்னையிலும் கால்கள் செயலிழக்காத முதுகெலும்பு நோயாளிகளிடையே ஓர் ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு அறுவையும் ஆறு மாத மருந்தும். இரண்டாம் பிரிவினருக்கு ஆறு மாத மருந்து மட்டும். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்பது மாத மருந்து மட்டும். மருந்து மட்டும் பெற்றோர் நடமாடிக்கொண்டே சிகிச்சை பெற்றனர். பத்தாண்டு கழித்த முடிவு 1999-இல் வெளியாயிற்று. நல்ல நிலையிலிருந்தோர் முறையே 90, 94, 99 விழுக்காடு. ஆயினும் ஓர் எச்சரிக்கையும் அதில் இருந்தது. 15 வயதுக்கு உட்பட்டு, தொடக்கத்திலேயே கூன் 30 பாகைக்கு மேல் இருந்த பிள்ளைகளுக்கு, மருந்துக்குப் பின்னும் கூன் வளர்ந்தது. மருந்து கிருமியைக் கொல்லும். வளைந்த முதுகை நிமிர்த்தாது. ஆகவே காலத்தே கண்டறிவதே தலையாயது.

இனி, தொடக்கத்தில் சொன்ன காரணம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் அமர்ந்து உழைத்த சகோதரர் ஒருவர், முதுகுவலியால் நாற்காலியில் அமர்ந்து தொழலாமா என்று என்னிடம் வினவினார். சட்டம் இன்னது என்று கூறினேன். அவரும் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுதார். தைலம், பிளாஸ்திரி, மாத்திரை என்று மாதங்கள் கழிந்தன. மாலைக் காய்ச்சல் உண்டா, உடல் மெலிகிறதா என்று நான் ஒரு வார்த்தை கேட்டேனில்லை. கால் மரத்துப்போன பின்னரே நோய் இன்னதென்று தெரிந்தது. மருந்தால் பிழைத்தார், ஆயினும் இன்றும் ஊன்றுகோலுடனே வருகிறார். மஸ்அலாவைச் சொன்ன நாவு நலத்தையும் விசாரித்திருக்க வேண்டாமா?

மெஷினில் அமர்வோருக்கு முதுகுவலி இயல்பே. ஆனால் வாரக்கணக்கில் நீடிக்கும் வலி, இரவிலும் ஓயாத வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல், முதுகில் புடைப்பு, கால் மரத்தல் ஆகியவை இருப்பின் மருத்துவரை நாடுங்கள். கால் மரத்தால் ஒரு நாளும் தாமதியாதீர்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஏதும் தெரியாமலிருக்கலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முன்னரே காட்டிவிடும். பழுதுற்ற இடத்திலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பரிசோதித்தால் கிருமி உறுதியாகும். இந்திய வழிகாட்டுதல்படி இதற்கு மருந்து பொதுவாக 12 மாதம். சிலருக்கு 18 மாதம் வரை நீளும். அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்து இலவசம். 2024 நவம்பர் முதல் ஊட்டச்சத்துக்கென மாதம் 1000 ரூபாயும் வழங்கப்படுகிறது. வலி தணிந்ததும் மருந்தை நிறுத்துவதே பெரும் பிழை.

பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்றஞ்சி நோயை மறைக்கும் வீடுகளும் உண்டு. முதுகெலும்பில் மட்டும் உள்ள காசநோய் பிறருக்குத் தொற்றுவதில்லை என்பதை அறியுங்கள், அறியாதோருக்கு எடுத்துரையுங்கள். மறைத்த நோய் கூனாக வெளிப்பட்டே தீரும். காலத்தே சொன்ன நோயோ பெரும்பாலும் தழும்பின்றி மறையும்.

ஸஃப்பில் புதிதாக ஒரு நாற்காலி போடப்பட்டால், அருகில் தொழுபவர் தொழுகை முடிந்ததும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். நானும் இனி விசாரிப்பேன், இன்ஷா அல்லாஹ்.