இளநிலை ஆய்வேடும் நெறியாளர் பணியும்

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம், நான்காண்டுப் பட்டப்படிப்பில் ஆய்வேட்டுக்குத் தனியிடம் அளித்தது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட். அதற்கு முந்தைய மாதம் வெளியான முனைவர் பட்ட விதிகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்தியதோடு, நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் நேரடியாக முனைவர் பட்ட ஆய்வில் சேரவும் வழிவகுத்தன. ஆய்வுமுறையைப் பழகிக்கொள்ள எம்.ஃபில். தந்த இடைக்காலம் இல்லாமற்போகவே, அந்தப் பயிற்சியின் பொறுப்பு இளநிலை ஆய்வேட்டின்மேல் விழுகிறது. அதை நிறைவேற்ற, நெறியாளரின் உழைப்பில் பெரும்பகுதி இறுதிப்படியைத் திருத்துவதிலிருந்து ஆய்வின் தொடக்கத்துக்கு மாற வேண்டும். மூன்றாண்டுப் படிப்பின் கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுதவைக்கும் துறைகளுக்கும் இது பொருந்தும்.

செய்முறைப் பாடத்துக்குரிய கணக்கில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் எனக் கொண்டால், 12 கிரெடிட்டுக்குக் கிடைப்பது 360 மணி நேரம். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டுகள் உண்டு. ஆகவே புதிய கண்டுபிடிப்பை இளநிலை மாணவரிடம் எதிர்பார்ப்பது முறையன்று. ஒரு வினாவை எழுப்பி, அதற்குரிய சான்றுகளைத் திரட்டி, அவை இடந்தரும் அளவுக்கு மட்டும் முடிவு கூற ஒருமுறை பழகினால் போதும்.

இதில் முதல் தடை தலைப்பின் அகலம். ‘சங்க இலக்கியத்தில் பெண்கள்’ என்ற தலைப்பை எடுத்தவர் 2381 பாடல்களுக்குப் பொறுப்பேற்கிறார். அத்தனையையும் படிக்க நேரமிராது. முந்தைய நூல்களின் முடிவுகளைத் தொகுத்துத் தருவதே நடக்கும். ‘குறுந்தொகையில் தோழி கூற்று’ என்று சுருக்கினால், கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்களையும் மாணவரே படித்து, தோழி பேசுவனவற்றைப் பிரித்தெடுக்கலாம். ஆனால் இதுவும் தலைப்புதான், வினா ஆகவில்லை. தலைவனிடம் பேசும் தோழியும் செவிலியிடம் பேசும் தோழியும் ஒரே முறையில் வாதிடுகிறார்களா என்று கேட்கும்போதுதான் எதைத் தேடுவது, எதை விடுவது என்பது தெளிவாகிறது. இந்த நிலைக்கு மாணவரைக் கொண்டுவருவதே நெறியாளரின் முதன்மைப் பணி. வினாவை அவரே எழுதிக் கொடுத்துவிட்டால் பயிற்சியின் பாதி வீணாகும். எதிர்க்கேள்விகளால் மாணவரே அதை வந்தடையச் செய்ய வேண்டும்.

அடுத்தது மூலம். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-இலும் உ.வே.சாமிநாதையர் 1937-இலும் பதிப்பித்தனர். பதிப்பாளர் பெயரில்லாமல் இணையத்தில் கிடைக்கும் பாடத்தை மட்டும் நம்பும் மாணவர், பாடவேறுபாடு என்ற ஒன்று இருப்பதையே அறியாமல் போகலாம். ஒரு பாடலை இரு பதிப்புகளில் ஒப்பிட்டுக் குறிப்பெழுதச் சொல்வது சிறு வேலைதான்; எந்த மூலத்தை ஏன் ஏற்பது என்னும் கேள்வியை அது மாணவரின் கைக்கே கொண்டுவருகிறது.

எழுத்துப்படியைத் திருத்துவதிலும் வரிசை வேண்டும். ஒரு மாதிரி இயலை முதலில் வாங்கி, வாதத்தின் ஒழுங்கு, சான்றின் பொருத்தம், மேற்கோள் முறை ஆகியவற்றைப் பார்ப்பது முதற்படி. சந்திப்பிழை நீக்கம் அதன் பின்னர். நெறியாளரே வாக்கியங்களை மாற்றி எழுதினால் ஆய்வேடு சீர்படும். மாணவரின் திறன் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கருத்துத் திருட்டைத் தடுக்கும் 2018-ஆம் ஆண்டு விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிக்கவில்லை. ஆனால் மென்பொருள் தரும் எண் நேர்மைக்கு முழுச் சான்றாகாது. அச்சில் மட்டும் இருக்கும் நூல்களும் ஒருங்குறிக்கு மாறாத பழைய எழுத்துருக் கோப்புகளும் பெரும்பாலும் அதன் ஒப்பீட்டுக்குள் வருவதில்லை. தேடற்குறிப்புகளை அவ்வப்போது பார்வையிடுவதும், வாய்மொழித் தேர்வில் முடிவுக்கு வந்த வழியைக் கேட்பதும் நம்பத்தக்க சோதனைகள்.

இவை அனைத்துக்கும் நெறியாளருக்கு நேரம் வேண்டும். முனைவர் பட்ட ஆய்வில் பேராசிரியருக்கு 8, இணைப்பேராசிரியருக்கு 6, உதவிப்பேராசிரியருக்கு 4 மாணவர் என்ற வரம்பு உண்டு. இளநிலை மாணவருக்குத் தொடக்க மாதங்களில் தேவைப்படும் கவனம் முனைவர் பட்ட மாணவருக்கு வேண்டியதைவிடக் குறைந்ததன்று. எனவே ஒவ்வொரு துறையும் தன் ஆசிரியர் எண்ணிக்கைக்கேற்ற வரம்பை வகுத்து, நெறிப்படுத்தும் நேரத்தை ஆசிரியரின் பணிநேரத்தில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதைச் செய்யாத துறையில் ஆய்வேடு தட்டச்சுப் பயிற்சியாகவே முடியும்.