குமாரசுவாமி, ஆனந்த (1877–1947)

கலை வரலாற்றறிஞர், திறனாய்வாளர், இதழாசிரியர். கொழும்பில் 1877 ஆகஸ்ட் 22 அன்று பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி, அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கிய வழக்கறிஞர். தாய் எலிசபெத் பீபி, ஆங்கிலேயர். இலங்கைத் தமிழ்த் தலைவர்களான பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் முத்துவின் சகோதரி மக்கள். 1879 இல் தந்தை மறைந்ததால் ஆனந்தர் இங்கிலாந்திலேயே வளர்ந்தார்.

அவர் கற்றது நிலவியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத்துறையின் இயக்குநராக இருந்து, தோரியனைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். இவ்வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றியபோதுதான் கண்டிப் பகுதிக் கைவினைஞரின் நிலை அவர் கண்ணில் பட்டது. 1815 இல் கண்டி அரசு வீழ்ந்தபின் ஆதரிப்பாரின்றி அக்கலைகள் நலிந்திருந்தன. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்து, 1906 இல் தொடங்கிய ‘சிலோன் நேஷனல் ரிவ்யூ’ இதழின் ஆசிரியப் பொறுப்பேற்றார். மேனாட்டு நடை, உடைகளைக் கண்மூடிப் பின்பற்றும் போக்கை அதில் கடுமையாகச் சாடினார். ‘இடைக்காலச் சிங்களக் கலை’ (1908) என்ற பெருநூல் இக்காலத்தின் கனி. ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கையச்சுப்பொறியிலேயே, தம் மேற்பார்வையில் 425 படிகள் அச்சிட்டார். அச்சுக்கலைக்கே பெருமை சேர்த்த நூல் அது.

பின்னர் வட இந்தியாவில் ஓவியங்களைத் திரட்டினார். முகலாய ஓவியத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டவற்றை ‘இராசபுத்திர ஓவியம்’ (1916) நூலில் தனி மரபாகப் பிரித்து, அதனையும் இராசஸ்தானி, பகாடி என இரண்டாக வகுத்தார். முகலாயக் கலை அரசவைக்குரியது, இராசபுத்திரக் கலை பக்தியில் ஊறியது என்பது அவர் துணிபு. இரண்டுக்கும் இடையிலிருந்த கொடுக்கல் வாங்கலை அவர் குறைத்தே மதிப்பிட்டார். எனினும் பகுப்பு நிலைத்துவிட்டது.

தம் சேகரிப்பை இந்தியாவிலேயே ஓர் அருங்காட்சியகத்தில் வைக்க விரும்பினார், ஆதரவு கிட்டவில்லை. 1917 இல் அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அவரும் அங்கே பொறுப்பாளரானார். இந்தியாவுக்கு இது பேரிழப்பு.

நடராசர் திருவுருவம் பற்றிய அவரது கட்டுரை 1912 இல் சென்னைச் ‘சித்தாந்த தீபிகை’யில் வெளிவந்தது. தமிழ்ச் சைவ நூல்களைக் கொண்டே தாண்டவத்தின் பொருளை விளக்கிய அக்கட்டுரை, 1918 இல் நியூயார்க்கில் வெளியான அவரது நூலுக்கும் தலைப்புத் தந்தது. புத்தர் சிலை கிரேக்கச் சார்பால் காந்தாரத்தில் பிறந்தது என்ற பிரெஞ்சு அறிஞர் ஃபூஷேயின் கருத்தை 1927 இல் மறுத்து, மதுராவின் யட்சர் சிலை மரபைச் சான்று காட்டினார். அவர் கூற்றே பொருத்தமானது. பிற்காலத்தில் சமய மெய்யியல் பற்றி மிகுதியாக எழுதினார்.

1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் நீடமில் காலமானார். கொழும்பில் ஒரு சாலை அவர் பெயர் தாங்கியுள்ளது.