கரிசல் கம்பும் உப்பளத்து உப்பும்

எட்டயபுரத்துக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசி ஈரத்தை நம்பி விதைத்த கம்பு, தை பிறக்கும்போது களத்துக்கு வந்துவிடும். வானம் பார்த்த பூமியில் அதற்குக் கிடைப்பது மழைத்தண்ணீர் மட்டும்தான். கிழக்கே கடலோரம் போனால் வேப்பலோடை தொடங்கித் தூத்துக்குடி தாண்டியும் உப்பளங்கள். உவர்நீரைப் பாத்தியில் தேக்கி, கோடை வெயிலில் விளையவிட்டு வாரிய உப்பு அங்கே அம்பாரமாகக் குவிந்திருக்கும். இந்தக் கம்பும் அந்த உப்பும் கூழ்ப்பானையில் சேர்கின்றன என்றுதான் நாம் நினைக்கிறோம். இரண்டும் உண்மையில் கைகோப்பது குடித்த பிறகு, நம் சிறுகுடலின் சுவரில்.

கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, தவிடு போகப் புடைத்து, உடைத்த நொய்யை உலையில் போட்டுக் கிண்டினால் கூழ் இறுகிவரும். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் லேசாகப் புளித்திருக்கும். செரிமானத்தின் முதல் வேலை அந்தப் பானையிலேயே நடக்கிறது. கம்பில் இரும்புச்சத்து நிறைய உண்டு. ஆனால் பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்திருக்கும். கூழ் புளிக்கப் புளிக்க அந்தப் பிடி தளரும்.

காலையில் உப்புப் போட்டு, மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் குடிக்கிறோம். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, கம்பின் மாவுச்சத்தை அப்போதே வெட்டத் தொடங்குகிறது. கூழ் வாயில் நிற்பது சில நொடிதான். விழுங்கும்போது மூச்சுக்குழல் மூடிக்கொள்ள, சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக அலையலையாகச் சுருங்கிக் கூழைத் தள்ளிவிடுகின்றன. படுத்துக்கொண்டு விழுங்கினாலும் கூழ் இரைப்பைக்குப் போய்ச் சேருவது இதனால்தான்.

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் காத்திருக்கிறது. உணவோடு வந்த கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. பெப்சின் என்ற நொதி புரதத்தை வெட்டுகிறது. இரைப்பை தன்னையே கரைத்துக்கொள்ளாதபடி சளிப்படலம் காக்கிறது. தண்ணீராக இருப்பது சீக்கிரம் கீழே இறங்கும்; கெட்டியானதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அடியில் உள்ள தசை வளையம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விடுகிறது.

சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலுக்குள் வந்ததும் கணையத்தின் கார நீர் அந்த அமிலத்தை முறிக்கிறது. ஈரலில் சுரக்கும் பித்தநீர் கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாகப் பிரிக்கிறது. அரிசியைவிடக் கம்பில் கொழுப்பு அதிகம் என்பதால் பித்தநீருக்கு இங்கே வேலையும் அதிகம். கணையத்தின் நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் மேலும் உடைக்கின்றன. இரும்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடம்புக்குள் ஏறுகிறது. கூழோடு நெல்லிக்காய் கடித்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை ஏற்றிவிடும். கையோடு டீ குடித்தால் தடுக்கும். ரத்தசோகை மலிந்த நம் ஊர்ப் பெண்களுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான கட்டம். சிறுகுடலின் உட்சுவர் முழுக்க ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குடலுறிஞ்சிகள் லட்சக்கணக்கில் நிற்கின்றன. அவற்றின் மேல் உள்ள நொதிகள், மாவுச்சத்தின் மிச்சத்தைக் குளுக்கோஸாக உடைத்துவிடுகின்றன. ஆனால் குளுக்கோஸ் தனியாக உள்ளே நுழைய முடியாது. வங்கிப் பெட்டகத்தை இரண்டு சாவி சேர்ந்து திறப்பதுபோல, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயனிகள் வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். சோடியம் உப்பிலிருந்து வருகிறது. குளுக்கோஸ் கம்பிலிருந்து வருகிறது. இரண்டும் உள்ளே போனதும் தண்ணீர் பின்தொடர்கிறது. இந்தக் கூட்டுப் பயணத்தை ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் முன்வைத்தார்.

அதன் பலன் 1971இல் நம் நாட்டில் தெரிந்தது. வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுத்தார். காலரா நஞ்சு குடலிலிருந்து தண்ணீரைக் கொட்டவைக்கும். ஆனால் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து நுழையும் அந்தக் கதவை அதனால் அடைக்க முடியாது. முப்பது விழுக்காடு வரை இருந்த சாவு, நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

உறிஞ்சிய குளுக்கோஸ் போர்ட்டல் சிரை வழியாக ஈரலுக்குப் போகிறது. ஈரல் தேவையானதை ரத்தத்தில் விட்டு, மீதியைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. கொழுப்புக்கு வேறு பாதை: அது நிணநீர்க் குழாய்களில் ஏறி, இடது காறை எலும்புக்குப் பக்கத்தில் ரத்தத்தோடு கலக்கிறது.

செரிக்காமல் பெருங்குடலுக்கு வருவதும் வீணல்ல. சமைத்து ஆறவைத்த மாவுச்சத்தில் ஒரு பங்கு, நொதிகளுக்கு மசியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை குடல் செல்களுக்கு உணவாவதோடு, சோடியத்தையும் தண்ணீரையும் உள்ளிழுக்க உதவுகின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் சக ஆய்வாளர்களும், இப்படிச் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தை உப்பு-சர்க்கரைக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுப்போக்கு குறைந்தது, சீக்கிரம் நின்றது. 2000இல் அந்த ஆய்வு வெளியானது. நார்ச்சத்தும் மிச்சமும் ஓரிரு நாளில் வெளியேறுவதோடு கூழின் பயணம் முடிகிறது.

வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு "வயிறு காயட்டும்" என்று தண்ணீரையும் சோற்றையும் நிறுத்துகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அதை விட்டொழிக்க வேண்டும். உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். தாய்ப்பாலையோ வழக்கமான உணவையோ நிறுத்தாதீர்கள். பிள்ளை துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். எவ்வளவு போனாலும் அந்தக் குடல் உப்பையும் மாவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது. கொடுக்க வேண்டியது நாம்தான்.