வயசாயிடுச்சு, அவ்வளவுதான்! - முதியோர் மருத்துவம் பிறந்த கதை

முழங்கால் வலி, தலைசுற்றல், மறதி... எதைச் சொல்லிக்கொண்டு எழுபது வயதுக்காரர் ஒருவர் டாக்டரிடம் போனாலும் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "வயசாயிடுச்சு இல்லையா, அப்படித்தான் இருக்கும்." இந்தப் பதிலுக்கே நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இதை ஏற்க மறுத்த ஒரு மருத்துவத் துறைக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

முதலில் பெயர் வைத்தவர் இக்னாட்ஸ் நாஷர். 1863-ல் வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். மருத்துவ மாணவராக இருந்தபோது ஆதரவற்றோர் விடுதி ஒன்றுக்கு ஆசிரியரோடு போயிருக்கிறார். அங்கே ஒரு பாட்டி தன் உபாதைகளைச் சொல்ல, ஆசிரியர் இது வெறும் முதுமைதான், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாராம். குழந்தையின் உடம்பு பெரியவர்களின் உடம்பு மாதிரி இல்லை என்பதால்தானே பீடியாட்ரிக்ஸ் என்று தனித்துறை வைத்தார்கள்? அப்படியானால் முதியவர்களுக்கும் தனியாக ஒன்று வேண்டாமா? இப்படி யோசித்த நாஷர் 1909-ல் 'ஜெரியாட்ரிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். 1914-ல் அதே தலைப்பில் தடியாக ஒரு புத்தகமும் எழுதினார். ஆனால் அமெரிக்கா அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பெயர் அங்கே பிறந்தது. வேலை நடந்தது இங்கிலாந்தில்.

இங்கிலாந்தில் 1834-ம் வருடத்து ஏழைகள் சட்டப்படி 'ஒர்க்ஹவுஸ்' என்ற விடுதிகள் ஊரெங்கும் இருந்தன. வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் இடம். உள்ளே இருக்கும் வாழ்க்கை வெளியே இருக்கும் பரம ஏழையின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் யாரும் ஆசைப்பட்டு வரமாட்டார்கள் என்பது அதன் கொள்கை! (கொள்கையாகவே எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் கொடுமை.) காலப்போக்கில் உடம்பில் தெம்பு இருந்தவர்கள் வெளியேறிவிட, போக்கிடமில்லாத வயதானவர்கள் அங்கேயே தங்கிப் படுத்த படுக்கையானார்கள். 1930-ல் இந்த விடுதிகள் உள்ளாட்சி நிர்வாகத்தின் கைக்கு மாறின. பெயர்ப்பலகை மாறியது, கட்டில்களில் இருந்தவர்கள் மாறவில்லை.

1935-ல் லண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலேயே இருந்த ஒர்க்ஹவுஸ் கட்டிடத்தையும் அதிலிருந்த நோயாளிகளையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. அந்தப் பொறுப்பு டாக்டர் மார்ஜரி வாரனிடம் வந்தது. 1897-ல் பிறந்தவர், அதுவரை அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். இதை அவர் விரும்பிக் கேட்டு வாங்கவில்லை. தலையில் வந்து விழுந்தது.

பிரசவத்துக்கு வந்தவர்களையும் மனநோயாளிகளையும் உரிய இடத்துக்கு அனுப்பிய பிறகு மிச்சம் இருந்தவர்கள் 714 பேர். அத்தனை பேருக்கும் போட்டிருந்த முத்திரை 'நாள்பட்ட நோயாளி'. வாரன் செய்தது பெரிய விஞ்ஞானமெல்லாம் இல்லை. ஒவ்வொருவரையும் ஒரு டாக்டர் பார்க்க வேண்டிய மாதிரி பரிசோதித்தார்! அதுவரை அப்படி யாரும் முறையாகச் செய்யவில்லை. பார்த்தால், பக்கவாதம் வந்தவர், கால் எடுக்கப்பட்டவர், இதயக் கோளாறு உள்ளவர், மூளை குழம்பியவர், உண்மையில் நோயே இல்லாமல் வீடு மட்டும் இல்லாதவர் என்று எல்லோரும் ஒரே வார்டில் கலந்து கிடந்தார்கள்.

பலருக்கு மூல நோயைவிடப் படுக்கைதான் பெரிய நோயாக இருந்தது. அசையாமல் கிடந்தால் தசை கரையும், மூட்டு மடங்கி இறுகிவிடும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும், சிறுநீர் கட்டுப்பாடு போகும். அதைப் பார்த்துவிட்டு "இவரால் எழுந்திருக்கவே முடியாது" என்று தீர்ப்பு எழுதுவார்கள். எழுந்திருக்காததால் வந்த வினை, எழுந்திருக்க முடியாததற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ரிச்சர்ட் ஆஷர் என்ற டாக்டர் 1947-ல் படுக்கையின் ஆபத்துகள் பற்றியே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் சராசரியாக 67 வயதுள்ள, ஆரோக்கியமான 12 பேரைப் பத்தே நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை காணாமல் போயிருந்தது. நோயே இல்லாதவர்களுக்குப் பத்து நாளில் இந்தக் கதி என்றால், வருடக்கணக்கில் கிடந்தவர்களை யோசித்துப் பாருங்கள்.

வாரன் முதலில் ஆட்களைப் பிரித்தார். பிறகு வார்டை மாற்றினார். அழுது வடியும் சுவர்களுக்கு வெளிர் நிறப் பெயின்ட், சிவப்புப் போர்வை, உட்கார நாற்காலி, நடைவழியில் பிடித்துக்கொள்ள கைப்பிடிக் கம்பி, ரேடியோ கேட்க ஹெட்போன். கேட்கச் சில்லறை விஷயங்கள். ஆனால் எழுந்து உட்கார ஒரு காரணம் வேண்டாமா மனுஷனுக்கு? கூடவே உடற்பயிற்சி, நடைப்பயிற்சி, டாக்டரும் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் சமூகப் பணியாளரும் சேர்ந்து இயங்கும் ஒரு குழு. பலர் எழுந்தார்கள், நடந்தார்கள், சிலர் வீட்டுக்கே போனார்கள். முன்பு 714 பேர் கிடந்த இடத்தில் 240 கட்டில்களே போதும் என்றாகிவிட்டது. மிச்சக் கட்டில்கள் காசநோய்ப் பிரிவுக்குப் போயின.

இந்த இடத்தை காமர்ஸ் மாணவர்கள் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். ஸ்டாக் டர்ன்ஓவர் மாதிரிதான் இதுவும். ஒரு கட்டில் வருடத்துக்கு எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பது ஒரு கணக்கு. வாரன் 1943-லும் 1946-லும் எழுதிய கட்டுரைகள் கவனிக்கப்பட்டதற்கு, முதியவர்கள் மேல் திடீரென்று பிறந்த பாசம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. 1939-ல் போர் தொடங்கியபோது குண்டுவீச்சில் காயம்படுவோருக்காகக் கட்டில்களைக் காலி செய்ய, நாள்பட்ட நோயாளிகளை அவசர அவசரமாக வெளியேற்றிய நாடு அது. 1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது அந்த வார்டுகள் எல்லாம் அரசின் செலவுக் கணக்கில் வந்து உட்கார்ந்தன. கட்டிலைக் காலி செய்து காட்டுகிறவரை நிர்வாகத்துக்குப் பிடிக்காமல் போகுமா? கருணை திறக்காத கதவை கணக்கு திறந்தது.

சக டாக்டர்களிடம் மதிப்பு வர இன்னும் காலம் பிடித்தது. 1947-ல் ட்ரெவர் ஹோவெல் முயற்சியில் முதியோர் மருத்துவத்துக்கான சங்கம் தொடங்கியது. வாரன் 1960-ல் ஐரோப்பாவில் பயணம் போன இடத்தில் கார் விபத்தில் இறந்தார்.

அவர் வழி சரிதானா என்பதற்கு எண்ணிக்கையோடு பெரிய சாட்சி 1984-ல், நாஷரின் அமெரிக்காவிலிருந்தே வந்தது. கலிஃபோர்னியாவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு மருத்துவமனையில் லாரன்ஸ் ரூபன்ஸ்டைன் குழுவினர் முதிய நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு முழுமையாகப் பரிசோதித்துத் திட்டமிடும் தனிப் பிரிவு. ஒரு வருடம் கழித்து வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 48.3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தனிப் பிரிவில் 23.8 சதவீதம். பாதி! செலவும் தனிப் பிரிவில்தான் குறைவு. புது மருந்து எதுவும் இல்லை.

நம் ஊர் இதில் ரொம்பப் பின்தங்கிவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் இந்தத் துறையைக் கற்றுவந்த டாக்டர் வி.எஸ்.நடராஜன் முயற்சியில் 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். உள்நோயாளி வார்டு வர இன்னும் பத்து வருடம் ஆனது. 1988-ல், பத்துக் கட்டில்களோடு. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது.

அடுத்த பெரிய அடி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் கட்டிய தேசிய முதியோர் நல மருத்துவமனை. 200 படுக்கைகள். 2024 பிப்ரவரி 25-ல்தான் அது முதியோருக்காகத் திறக்கப்பட்டது. ஆனால் கட்டிடம் அதற்கு முன்பே தயாராக இருந்தது. 2020-ல் கொரோனா வந்ததும் அதைக் கொரோனா மருத்துவமனையாக மாற்றிவிட்டார்கள். முதியோருக்கென்று கட்டிய வார்டுகளில் முதலில் வந்து படுத்தவர்கள் எல்லா வயதுக்காரர்களும்தான்.